ஐந்தாவது வாரத்து எலுமிச்சம்பழம்

அத்தை,

வேர்க்கடலை வறுபடுகிற வாசனை வந்தாலே எனக்கு உங்கள் மேல் கோபம் வந்துவிடுகிறது. இன்று காலையிலிருந்து அந்த வாசனையில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். படையலுக்கு என்ன செய்யட்டும் என்று உங்கள் மகனைக் கேட்டேன். வஞ்சிரம் வறுவல், வடை, பாயசம் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "அம்மாவுக்குப் புடிச்சது அந்த பாங்காக் சேமியாதானே, அதையும் வெச்சிடு" என்றார். எந்த ஊரிலாவது மாமியாருக்கு வாழை இலையில் தாய்லாந்து சாலட் படைத்திருக்கிறார்களா? எனக்கென்று வாய்த்திருக்கிறது.

ஆவடியில் முப்பது வருஷம் பேக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனதும், கூட வேலை செய்த நாலு பெண்களோடு பாங்காக் போனீர்கள். ஐந்து நாள். புத்தரைப் பார்த்தீர்களா, கடலைப் பார்த்தீர்களா, தெரியாது. தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரி கலந்து கொடுத்த நூடுல்ஸைப் பற்றி மட்டும் வருஷக்கணக்கில் பேசினீர்கள். ஊர் திரும்பியதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஐயப்பன்தாங்கலுக்கு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தீர்கள். வந்த முதல் வாரமே அடுப்படி உங்களுடையதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த சாலட். அங்கிருந்து வாங்கிவந்த, கண்ணாடி மாதிரி இருக்கிற அந்த நூடுல்ஸ் தீர்ந்ததும் அரிசி சேமியாவுக்கு மாறினீர்கள். மீன் சாஸ் கிடைக்கவில்லை என்று நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி ஊற்றினீர்கள். எதிர் ஃபிளாட்டில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும். "சாத்தட்டும், வாசனை அவுங்களுக்கு எதுக்கு ஓசில?" என்பீர்கள். நான் கேரட் நறுக்கினால், "இன்னா இது, மாட்டுக்குப் போடவா?" வெங்காயம் நறுக்கினால், "இத்த வெச்சி ஊடு கட்டலாம்." உங்கள் பேக்டரியில் உங்களுக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குக் கோவில் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் எனக்குக் குழந்தையில்லை. எனக்கு எல்லா டெஸ்ட்டும் நன்றாகத்தான் இருந்தது. தனக்கும் எல்லாம் நார்மல் என்று உங்கள் மகன் சொன்னார், நம்பினேன். டாக்டர்களை விட்டுவிட்டு மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் குளித்து, வெறும் வயிற்றோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்வந்து, அப்புறம் ஆபீஸ். அம்மனிடம் வைத்துத் தருகிற எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தோடு சாமி அலமாரியில் வைத்து, மறுவாரம் அதையே எடுத்துப் போக வேண்டும். ஐந்து வாரம் முடிந்திருந்தது.

அந்த ஞாயிறு உங்கள் பாங்காக் கூட்டாளிகள் நாலு பேரும் வந்திருந்தார்கள். வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை. கீழே கடைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். "வேணாம், உள்ள ஒண்ணு கீது" என்றீர்கள். ஃபிரிட்ஜில் இருக்கிறது போல என்று நானும் பேசாமல் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

எல்லோருக்கும் தட்டு வைத்தீர்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். நீங்கள் தலை நிமிராமல், "அவளுக்குத்தான் ஒண்ணும் தங்கல. மாங்காட்டுக்குப் போய்கினு கீறா" என்றீர்கள். முகத்தை மறைத்துக்கொள்ள அடுப்படிக்குப் போனேன். சிங்க்கில் பிழிந்த எலுமிச்சை மூடி இரண்டு கிடந்தது. ஒன்றில் குங்குமம் ஒட்டியிருந்தது.

நாலு பேர் முன்னால் கத்தினேன். நீங்கள் நல்லாயிருப்பீங்களா என்று கேட்டேன். என் பிள்ளையைப் பிழிந்து ஊற்றிவிட்டீர்கள் என்றேன். "இன்னா இப்போ? ஒரு பழத்துக்கு சாமி கோச்சிக்குமா?" என்றபடி எனக்கும் ஒரு தட்டில் வைத்து நீட்டினீர்கள். "கத்து. நல்லா கத்து. துன்னுட்டு கத்து."

ஆறாவது வாரம் நான் மாங்காட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அதற்குப் பிறகு இரண்டு வருஷம், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற நாள்வரை, உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அந்தப் பழத்தின் கதையைத்தான் சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் உங்கள் பீரோவை ஒழித்தேன். பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு ஆஸ்பத்திரிக் கவர். உங்கள் மகனின் ரிப்போர்ட். அவரால் முடியாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் மாங்காட்டுக்குப் போக ஆரம்பித்ததற்கு ஒரு வருஷம் முந்தையது.

கவரை அவர் முன்னால் போட்டேன். "அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். உன்கிட்ட சொல்லச் சொல்லி தினமும் திட்டும். எனக்கு தைரியம் வரல" என்றார். அந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கேட்டேன். தெரிந்துதான் பிழிந்தீர்களாம். "ஆறு வாரமும் போய்ட்டு ஒண்ணும் நடக்கலைனா அந்தப் பொண்ணு சாமியையும் வுட்டுடும். அதுக்கு என்னியே திட்டிக்கட்டும், நான் தாங்கிக்கிறேன்" என்று அன்று ராத்திரி அவரிடம் சொன்னீர்களாம்.

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் தங்கை உருகினாள். "பெரிய மனசுடி அவங்களுக்கு" என்றாள். அவளையும் சேர்த்துத் திட்டினேன். தாங்கிக்கொள்ள நீங்கள் யார் அத்தை? என் கேரட்டுக்கும் வெங்காயத்துக்கும் அத்தனை வாய் பேசினீர்களே, இதற்கு மட்டும் ஒரு வார்த்தை வரவில்லையா? உங்கள் மகன் கோழை, சரி. உங்களுக்கு என்ன வந்தது? பழத்தைப் பிழிந்த கையால் அந்தக் கவரை எடுத்து என்னிடம் நீட்டியிருக்கலாம். அதைவிட்டு, கூட்டாளிகளிடம் "அவளுக்குத்தான் தங்கல" என்றீர்கள். அவர் மானம் போகக் கூடாது, என் சாமியும் போகக் கூடாது. என் மானம்தான் உங்களுக்கு இளப்பமாகப் போயிற்று.

உங்கள் மகனோடு இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். தேவைக்குப் பேசுகிறோம். மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது.

சேமியா வெந்ததும் வடித்துப் பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசினேன். "இல்லாங்காட்டி பிசுபிசுன்னு பூடும்" என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வது இப்போதும் கேட்கிறது. கருவாட்டுத் தண்ணீர், கருப்பட்டி, பச்சைமிளகாய், இடித்த கடலை எல்லாம் உங்கள் அளவில்தான். கேரட்டைக் கூட நூலாக நறுக்கியிருக்கிறேன். என் கை உங்கள் கையாகவே ஆகிவிட்டது. அதற்கும் எரிச்சலாக வருகிறது.

இலை போட்டாயிற்று. உங்கள் மகன் கற்பூரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். படைக்கும் முன்னாலேயே ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "புளிப்பே இல்லையே, எலுமிச்சம்பழம் மறந்துட்டியா?" என்று கேட்டார். மறக்கவில்லை. நேற்று மாங்காட்டுக்குப் போய்வந்தேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு. எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, சும்மா நின்றுவிட்டு வந்தேன். அங்கே கொடுத்த பழத்தைக் குங்குமத்தோடு, நறுக்காமல், உங்கள் இலை ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டிக்கட்டும் என்றீர்களே, திட்டி இன்னும் முடியவில்லை, இருந்து கேளுங்கள். பழம் வேண்டுமானால் இந்தத் தடவையும் நீங்களே பிழிந்துகொள்ளுங்கள்.