உன் படத்தைக் கழற்றியது நான்தான், அண்ணா

என் செல்ல அண்ணன் கோபிக்கு,

இந்தப் பௌர்ணமிக்கு, கிரிவலக் கூட்டம் நம் அடி அண்ணாமலையைத் தாண்டும் இடத்தில் தடுப்பூசியை எதிர்க்கும் ஒரு கூட்டத்தார் உன் படத்தைப் பெரிய பேனராகக் கட்டியிருந்தார்கள். ஆட்டோவில் சாய்ந்து நீ சிரிக்கிற படம். கீழே மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். தடுப்பூசியால் யாராவது செத்தாலோ முடங்கினாலோ ஊசி போட்டவரை ஜெயிலில் தள்ள மாநில அரசு சட்டம் கொண்டுவர வேண்டுமாம். படத்தைக் கொடுத்தது நம் அம்மாதான்.

உனக்கு ஊசி போட்டது யார்? நம் ஊர் நர்ஸ் செல்வி அக்கா. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தக் கொரோனா ஊசி எப்போதாவது யாரோ ஒருவருக்கு ரத்தத்தை உறைய வைத்துவிடுமாம். அந்த ஒருவன் நீயாகிப் போனாய். ஊசிதான் காரணம் என்று டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டி நஷ்டஈடு கேட்டு எத்தனை ஆபீஸ் படியேறினேன்! "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்பதைத் தவிர என்ன கிடைத்தது? வயிறு எரிகிறது அண்ணா. ஆனால் அதைச் செல்வி அக்கா மேல் காட்ட மாட்டேன்.

மேஜைக்காரரிடம் கேட்டேன்: "ஏங்க, ஊசி போட்டவங்கள உள்ள வெச்சுட்டா நாளைக்கு யாருங்க போடுவாங்க? ஆபத்து தெரிஞ்சும் எவனாவது மறைச்சிருந்தா அவனைப் புடிங்க."

"அண்ணனப் பறிகொடுத்துட்டு நீயே இப்படிப் பேசறியேம்மா?"

"பறிகொடுத்தவ நான். அதனாலதான் பேசறேன்."

பேனர் கயிற்றை அவிழ்த்தேன். தடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். வீட்டில் அம்மா கத்தினாள்: "யாரையாவது உள்ள தள்ளுனாதான்டி என் மனசு ஆறும்." அவளுக்கு நீ என்ன சொல்லியிருப்பாய், அண்ணா?

உன் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. உன்னைப் போலவே செருப்பைக் கால் மாற்றிப் போடுகிறாள். ஐந்து வயதில் போட வேண்டிய ஊசியை இன்னும் போடவில்லை. அண்ணிக்குப் பயம். பயப்படாதீங்க என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்கும் பயம்தான். ஆனால் ஊசி போடாமல் விட்டால் வரக்கூடிய நோய்களை நினைத்தால் இன்னும் பயம். நேற்று அண்ணியே, "போலாம்டி" என்றார்.

செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். "நான் வேணாம்டி, வேற நர்ஸப் போடச் சொல்றேன்" என்று அழுதார். "நீங்கதான் போடணும்" என்று சொல்லிவிட்டேன்.

உன் சாவுக்குப் பதில் கிடைக்கும்வரை திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்பேன். இந்தப் புதன்கிழமை உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு செல்வி அக்கா முன்னால் உட்காருவேன். இது சத்தியம்.

எவருக்கும் அடங்காத உன் தங்கச்சி,
மலர்