கோணல் ஆணி

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா? என் அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

எனக்கு வேலை மாறியிருக்கிறது. பயப்படாதே, சுலபமான வேலைதான். பழைய கதவுகளை அறுத்து மேசை செய்யும் பட்டறை. மரத்தில் இரும்பு இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும், அதனால் ஆணி பிடுங்குவது என் பொறுப்பு.

நேற்று ஒரு பழைய கதவு வந்தது. உள்பக்கம் முழுக்க வரிசையாக ஆணிகள். நம் ஊர்ப் பொதுவீட்டுக் கதவில் முந்நூறு வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை ஓர் ஆணி அடிப்பாரே, அதே மாதிரி. கடைசி வரிசையில் ஒன்று கோணலாக மடங்கியிருந்தது. நம் கல்யாணத்தில் நான் அடித்தது கோணிப்போனபோது, "மாப்பிள்ளை பொண்ணையே பாத்துக்கிட்டு அடிக்கிறாரு" என்று ஊரே சிரித்ததே, ஞாபகமிருக்கிறதா?

பொதுவீட்டுச் சாவி உன் அண்ணனிடம்தானே இருக்கிறது? அவரிடம் எதுவும் கேட்காதே. போனில் பேசினால் அவர் பக்கத்தில் இருப்பார் என்றுதான், ஊருக்கு வரும் எங்கள் பட்டறைச் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கதவு இருக்கிறதா என்று நீயே போய்ப் பார்த்து ஒரு படம் அனுப்பு.

அந்தக் கோணல் ஆணி துருப்பிடித்து இறுகிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள புடுங்கு, இல்லேன்னா அந்தப் பக்கத்தையே வெட்டித் தள்ளு" என்கிறார்.

சமையல்காரர் திரும்பும்போது ஒரு போர்வை கொடுத்துவிடு. நீ போர்த்திக்கொள்வதையே கொடு, துவைக்க வேண்டாம்.

கதவு அங்கேயே இருந்தால், இது எவனோ ஒருவனின் கோணல் ஆணி என்று பிடுங்கிவிடுவேன். அதுவரை எனக்குக் கை வராது.

மணி அடித்துவிட்டார்கள்.

பெரியவளின் அப்பா