பெரிய வெள்ளியன்று அழிக்கப்பட்ட மூன்றாவது வரி

என் அன்பு டெக்லன் அண்ணை,

நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான். ஒன்பது வருடம் உங்களையும் அப்படித்தான் அழைத்தேன். தமிழில் எழுதும்போது, பன்னிரண்டு வயது மூத்தவரை நீ என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் மண்ணுக்குள் போய் ஐந்து மாதமாகிறது. இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை, கோபத்தில் எழுதுகிறேன். என் கோபம் விளங்கக்கூடிய ஒரே மனிதர் செத்துப்போனார் என்பதும் அந்தக் கோபத்தில் சேர்த்தி.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: பெல்ஃபாஸ்டில் பிறந்து, ஒரு நோர்வேக்காரியைக் கட்டி, ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவர் நீங்கள். நாங்கள் சாப்பிடும் அறையில் ஒரு வெள்ளைப்பலகை உண்டு. காலையில் வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், அயர்லாந்தில் இதே நாளில் என்ன நடந்தது என்று அதில் எழுதுவீர்கள். ஒரு நாள் ஒரு போர். இன்னொரு நாள் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய சனம்.

பெரிய வெள்ளி என்றால் எப்போதும் இரண்டு வரி. 1014, டப்ளினுக்குப் பக்கத்தில் குளோன்டார்ஃபில் ஒரு பெரிய வெள்ளியன்று ஐரிஷ் அரசனின் படை வைக்கிங்குகளை முறியடித்தது. வென்ற அன்றே அரசன் கொல்லப்பட்டான். 1998, ஒரு பெரிய வெள்ளியன்று பெல்ஃபாஸ்டில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. ஈஸ்டர் லீவுக்கு ஊரே மலைவீட்டுக்குப் போகும், போகாத ஒரே நோர்வேக்காரர் எங்கள் பொறுப்பாளர் மாரித். “இண்டைக்குத்தான் உங்கட வைக்கிங் பாட்டன்மாருக்கு நாங்கள் அடிச்சனாங்கள்!” என்று அவரைச் சீண்டுவீர்கள். அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

2002இல் நோர்வே நடுவில் நின்று எங்கள் நாட்டில் போர்நிறுத்தம் வந்தபோது, மாரித் சமையலறைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் பேனையை நீட்டினீர்கள். “உன்ர நாளையும் எழுதடா தம்பி.” நான் வெட்கத்தில் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன்?

இந்த வருடம் பெரிய வெள்ளி ஏப்ரல் பத்தில் வந்தது. உங்கள் உடன்படிக்கை கையெழுத்தான அதே தேதி. பதினொரு வருடத்துக்குப் பிறகு கிழமையும் தேதியும் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் துள்ளியிருப்பீர்கள். அதனால் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டை விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். உங்கள் இரண்டு வரியையும் நானே எழுதினேன். அவற்றின் கீழே என் வரியை எழுதினேன்.

“2009, இன்று: என் தங்கை பிலோமினாவும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் வன்னியில் ஒரு பதுங்குகுழிக்குள் இருக்கிறார்கள். மேலே ஷெல் விழுகிறது. இருபது நாளாக அவர்களிடமிருந்து செய்தி இல்லை.”

அவ்வளவுதான், அண்ணை. யாரையும் திட்டவில்லை. எந்தக் கொடியின் பெயரும் எழுதவில்லை.

அரை மணி நேரம் இருக்காது. மாரித் மேசை துடைக்கிற துணியை எடுத்து என் வரியை மட்டும் துடைத்தார். மேலே உங்கள் இரண்டு வரியும் அப்படியே இருந்தன.

“ஏன் அழிச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“அது அரசியல். இஞ்சை சாப்பிட வாற ஆக்களுக்கு மனம் கஷ்டப்படும்.”

“மேலை இருக்கிறது அரசியல் இல்லையோ?”

“அது வரலாறு.”

துணியைக் கழுவு தொட்டியில் போட்டுவிட்டு அவர் காப்பி ஊற்றினார். நான் திரும்ப எழுதினேன். அவர் திரும்ப அழித்தார். மூன்றாம் முறை எழுதப் போனபோது பேனையைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நாற்பத்தாறு வயது மனிதனிடமிருந்து பள்ளிப்பிள்ளையிடம் பறிப்பதுபோலப் பேனையைப் பறிப்பதா?

அப்போது இங்ரிட் உள்ளே வந்தார். மேல்மாடியில் நோயாளிகளைப் பார்க்கிறவர். உங்களுக்கும் தெரியும், அதிகம் கதைக்காதவர். ஈரப்பலகையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, “என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டார். சொன்னேன்.

“தங்கச்சியின்ர பேர் என்ன?”

“பிலோமினா.”

அந்தப் பெயரை அவர் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மாரித் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த ஊரில் இதுவரை எத்தனை பேரிடமிருந்து எனக்கு ‘கவலைப்படுகிறோம்’ கிடைத்தது! பெயரைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

வேலை முடிந்து ரி-பான் நிலக்கீழ் ரயிலில் ஏறி நாடாளுமன்றத்தடிக்குப் போனேன். போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் குளிரில் நின்றது. கடந்துபோன ஒருவர், “இவைக்கு ஈஸ்டருக்கும் லீவில்லையோ?” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார். ஏழு வருடத்துக்கு முன் கை குலுக்கிய நாடு இது. கைச்சாத்திட்டால் வாழ்த்து, கத்தினால் கரைச்சல்.

உங்கள் அண்ணனைப் பெல்ஃபாஸ்ட் தெருவில் சுட்ட கதையைச் சொன்ன அன்று நீங்கள் சொன்னீர்கள்: “செத்தவை பழசாகினாப் பிறகுதான் தம்பி, உலகம் காது குடுக்கும்.” அன்றைக்கு அது ஒரு வயதானவரின் கசப்பு என்று நினைத்தேன். மன்னியுங்கள்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய் எனக்குக் கடிதம் வந்தது. வேலையிடத்தில் அரசியல் செய்ததற்காக வியாழக்கிழமை விசாரணை. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் அத்தோடு முடியுமாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று பதில் போட்டேன்.

அண்ணை, வியாழக்கிழமை நான் போவேன். கையெழுத்து வைக்க மாட்டேன். என் உடைந்த நோர்வேஜியத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: என் தங்கச்சி உங்களுக்கு வரலாறு ஆகிறதுக்கு அவள் எத்தனை வருசம் செத்துக் கிடக்க வேணும்? அவர்கள் பதில் சொல்லும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் தம்பி,
பிலோமினாவின் அண்ணன்,
மரியநாயகம்