கழுவாத பிடி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இறால் பண்ணை முதலாளி இண்டைக்கு என்ட லேத் கடைக்கே வந்தான். கைத்துப்பாக்கிப் பிடியில ஸ்குரூ முறிஞ்சு உள்ளுக்க நிக்குதாம். "கீழ விழுந்திட்டு தம்பி, கெதியா எடுத்துத் தாங்க" எண்டான். நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியல்ல.

போன வருஷம் இவன்ட பண்ணையோரம் வாவியில வலை போட்ட என்ட அண்ணன்ட நெத்தியில இந்தப் பிடியாலதான் அடிச்சான். அண்ணனுக்கு இடக்கண் போயிட்டு. இந்தத் துப்பாக்கி அண்டைக்கு வீட்டுலதான் கிடந்ததெண்டு கோட்டில சத்தியம் பண்ணினான். வழக்கு இன்னும் முடியல்ல.

சின்ன ட்ரில்ல எதிர்ப்பக்கம் சுத்தவிட்டு முறிஞ்ச துண்ட எடுத்தன். மரப்பிடி கையோட கழண்டு வந்திச்சு. அதுட உள்பக்கத்தில கறுப்பாக் காஞ்ச இரத்தம். அவன் பார்க்க முந்திக் கவுத்து வச்சன்.

"முதலாளி, மரம் வெடிச்சிருக்கு. இத மட்டும் வச்சிட்டுப் போங்க, புதுசு செஞ்சு தாறன்" எண்டன். தலையாட்டிட்டு துப்பாக்கிய மட்டும் கொண்டு போயிட்டான்.

வேலை முடிஞ்சா எந்தச் சாமானையும் மண்ணெண்ணெயில கழுவித்தான் நான் குடுக்கிற. இதக் கழுவல்ல. கடதாசியில சுத்தி அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டன். விடிஞ்சதும் அண்ணன்ட லோயரிட்ட போறன்.

பிடி எங்கயெண்டு கேட்டு வருவான். வரட்டும். கோட்டில வச்சுத் தாறன்.