‘இரண்டாம் சாவி’ என்ற பெயரில் மூன்று

திங்கள்
காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை இன்னும் திருத்தவில்லை.

பின்னேரம், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் கல்யாணப் புரோக்கர் வந்தார். வரிப்பத்தான்சேனை மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். “புள்ள நடிச்ச படத்த மாப்பிளட மச்சான் தேடிப் பாத்திரிக்கார். முத்தமெல்லாம் இரிக்காம்.” உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் நடித்தது பத்து நிமிடக் குறும்படம். காரைதீவுக் கவிதா எடுத்தது. என்னோடு படிப்பிப்பவள். கடைசிவரை முக்காடு விலகாது. போனில் ‘இரண்டாம் சாவி’ என்று தட்டினால் முதலில் வருவது ஓர் இந்தியப் படம்; முத்தம் அதில்தான். அடுத்தது தமிழ் பேசும் துருக்கி நாடகம். எங்களுடையது எங்கேயோ அடியில். இதைச் சொல்லிச் சொல்லியே வாய் நோகிறது.

செவ்வாய்
வாங்க: பால்மா, உம்மாவின் பிரஷர் குளிசை, சிவப்புப் பேனை.

புரோக்கரிடம் சரியான லிங்கைக் கொடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் உம்மா எங்கள் உம்மாவின் போனுக்கு கோல் எடுத்துவிட்டார். அவர் துருக்கி நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். “முப்பது எபிசோட் பாத்துட்டன். உங்கட மகள் எப்பதான் வருவா?” எங்கள் உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. பாவம், நல்ல மனுஷி.

புதன்
தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை.

எங்கள் படத்தைப் பார்த்துவிட்டார்கள். முத்தம் இல்லை, சந்தோசம். இப்போது வேறு சிக்கல். படத்தில் நான் கணவனின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, “இது என்ட ஊடு” என்று அவனை வெளியே அனுப்புகிறேன். எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த உம்மா பயந்துபோய்க் கேட்டாராம்: “நம்மட மகனையும் இப்பிடி வெளிய போட்டுட்டா?”

முத்தமே பரவாயில்லை போல.

வியாழன்
தலையிடி. இரண்டு பனடோல்.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதமாம். ஆனால் படத்தை அழிக்க வேண்டுமாம். மாப்பிள்ளையின் சொல்லும் அதுதானாம். கவிதாவிடம் கேட்டால் மறுபேச்சில்லாமல் அழிப்பாள். அதுதான் எனக்குக் கஷ்டம். நான் செய்ததில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்.

உம்மா: “பத்து நிமிசத்துக்காகவா வாழ்க்கைய விடப்போறாய்?” எனக்கு முப்பத்தொன்று. வந்து போன சம்பந்தங்களை நினைத்தாலே களைப்பு. சரி என்று சொல்லிவிட்டுப் படுக்கலாம் போலிருக்கிறது.

வெள்ளி
ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த வாப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “அந்தப் படத்தப் போடு மகள்.” இதுவரை பார்க்காதவர். சாவி வாங்கும் இடத்தை இன்னொருக்கா போடச் சொன்னார். “நல்லாத்தான் சொல்லிரிக்காய்.”

அழிக்கவா என்று கேட்டேன்.

“ஊடு உனக்குத்தான் எழுதிரிக்கி. படமும் உன்டதான். நீ யோசி.” சோறு தின்னப் போய்விட்டார்.

நானே மாப்பிள்ளைக்கு கோல் எடுத்தேன். கதைப்பது இதுதான் முதல்முறை. படத்தில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

“நான் பாக்கல்ல. ஊட்டுல சொன்னாங்க, அதான் சொன்னன்.”

படம் இருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். உம்மா குசினிக்குள் அடுப்படியில் அழுகிறார். எழும்பிப் போக எனக்கு ஏலவில்லை.