அத்தானின் வயலினில் மிஞ்சிய ஒன்பது ஒலிகள்

வயலினைக் கீழே வைக்க மனம் வராத என் அன்பு அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒன்றரை வருடம் எடுத்திருக்கிறது. நேரமில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அக்காவுக்கு ஏற்கனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. களுதாவளையில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சந்தியில் இன்னும் பஸ்ஸை விட்டு இறக்கித்தான் அடையாள அட்டை பார்க்கிறார்கள். உங்கள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பாடச் சொன்னால் காற்றுத்தான் வருகிறது. அக்கா உங்கள் வயலின் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறாள். தூசு தட்டுகிறாள், திறப்பதில்லை.

என் பின்னறையில் உங்கள் வயலினைக் கம்பியூட்டருக்குள் ஏற்றிய அந்த மூன்று கிழமை நினைவிருக்கிறதா? ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொன்னேன். மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் நிற்கும்வரை, ஹெலிகாப்டர் போய் முடியும்வரை வில்லைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தீர்கள். அப்படிச் சேர்த்த தொண்ணூறு ஒலிகளையும் கோத்து ஒரு வாத்தியமாக்கினேன். கீபோர்டில் விரல் வைத்தால் நீங்கள் வாசிப்பது போலவே கேட்கும்.

உங்களுக்கு ஒரே சிரிப்பு. “நான் இஞ்ச குத்துக்கல்லாட்டம் இரிக்கக்குள்ள எனக்கு எதுக்குடா ஒரு டூப்பு?”

“நீங்க வேலைக்குப் போற நேரம் ஆரு எனக்கு வாசிக்கிற?”

“சரி சரி. ஆனா சீடியில ஒண்டு அடிச்சு வெச்சிரு தம்பி. உன்ட பெட்டிய நம்பேலா.”

“மறுகா அடிக்கலாம் அத்தான்.”

அந்த மறுகா, அந்தப் ‘பிறகு’, வரவே இல்லை.

களுவாஞ்சிகுடியில் ஒரு புடவைக் கடை திறந்தார்களே, அதற்கு விளம்பரப் பாட்டு செய்துகொண்டிருந்தேன். என் கம்பியூட்டரின் நினைவகம் எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். வாத்தியங்கள் தங்கள் ஒலிகளையெல்லாம் அதற்குள் ஏற்றிக்கொண்டுதான் வாசிக்கும். தபேலா, புல்லாங்குழல், கோரஸ், கடைசியில் உங்கள் வயலின் என்று எல்லாம் ஏறியதும் பாட்டு விக்கத் தொடங்கும். பிறகு திரை அப்படியே நின்றுவிடும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டால், எந்த ஒலிகள் தேவைப்பட்டன என்று மென்பொருள் கவனித்துக்கொள்ளும். மற்றவற்றை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். டிஸ்க்கில் இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு நாலு மணிக்குக் கரண்ட் போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவை பாட்டைத் திறக்கும்போதும் தொண்ணூறும் மறுபடி ஏறி, மறுபடி திரை நின்றது. டிஸ்க்கிலும் இடமில்லை, நீங்கள் முதலில் வாசித்த மூலப் பதிவுகளையே இடத்துக்காக எப்போதோ அழித்துவிட்டிருந்தேன். எரிச்சலில், மற்ற ஒலிகளை இறக்கி மெலிந்துபோன வாத்தியத்தை அதே பெயரில் சேமித்தேன். பழையதை அழித்து எழுதவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். அத்தான் இருக்கிறார்தானே, இன்னொரு நாள் வாசிக்கச் சொன்னால் போயிற்று என்று நினைத்தேன். இந்த ஊரில், அந்த வருடத்தில், ஒரு மனிதர் அடுத்த கிழமையும் இருப்பார் என்று நினைத்த மடையன் நான் ஒருவன்தான்.

அடுத்த கிழமை நீங்கள் உங்கள் அம்மாவைக் கூட்டிவருவதற்காகப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமத்துக்குப் போனீர்கள். மாமி வந்து சேர்ந்தா. வட்டைக்குள், அந்த வயல்வெளியில் விழுந்த ஷெல் உங்களை அங்கேயே வைத்துக்கொண்டது.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அந்த வாத்தியத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பது ஒலிகள் இருந்தன. ஒன்பதும் அழுத்தி வாசித்தவை, ஏனென்றால் விளம்பரம் முழுவதும் ஒரே சத்தம். நீங்கள் மெதுவாக வாசித்ததில் ஒன்றுகூட இல்லை அத்தான்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு முதல் நாள் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள். மகளை நித்திரையாக்க நீங்களே கட்டி வாசிப்பீர்களே, அந்த மெட்டு அவளுக்கு வேண்டும். “உன்ட பெட்டிக்குள்ள அவர்ர வயலின் இரிக்குதானே தம்பி. ஒருக்கா அதப் போட்டுத் தாவன்.”

“டிஸ்க் எரிஞ்சு போச்சுக்கா. கரண்ட் வந்த வேகத்தில” என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தப்பியிருப்பேன். “நீ என்ன செய்வாய், விடு. முகத்த அப்பிடி வெச்சிரிக்காத” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். ஒன்றரை வருடத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான். அழுதபோதும் உண்மையைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிற ஒன்பதையும் இழுத்து, குறுக்கி, இல்லாத சுரங்களை நிரப்பிப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்து மெதுவாக்கிப் பார்த்தேன். எப்படியோ ஒரு சீடி தேறிவந்தது. எரிந்த டிஸ்க்கிலிருந்து மீட்டேன் என்று அதை அக்காவிடம் கொடுக்கும் யோசனை இருந்தது. கேட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவன் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது போல இருந்தது. அழித்துவிட்டேன். நான் செய்த அழிப்புகளில் அது ஒன்றுதான் சரி.

போன வெள்ளிக்கிழமை காலை தேங்காய் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். புடவைக் கடையின் ஆட்டோ, ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் வந்தது. அடுப்படியில் நின்ற அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கேற்றைப் பிடித்தபடி, அது வளைவில் திரும்பும்வரை நின்றாள்.

“சாறி மலிவாமா?” என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன் போல.

“சாறி ஆருக்கு வேணும்? அது அவர்ர வில்லுடா. எனக்குத் தெரியாதா? கிழமைக்கு ரெண்டு தரம் வருது.”

கிழமைக்கு இரண்டு தரம் அவள் கேற்றடிக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள் அத்தான். அந்த ஒன்பதும் என் மேசையில் கிடக்கின்றன, அவளுக்குத் தெரியாது. இருப்பதையும் மறைத்து வைத்தவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்? சிரிப்பீர்களா? இந்த முறை சிரிக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக் காலை அவளிடம் போகிறேன். ஒன்றும் எரியவில்லை, நான்தான் அழித்தேன் என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன், பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருக்கிறது. பிறகு அந்த ஒன்பதையும், எதையும் இழுக்காமல் நிரப்பாமல், நீங்கள் வாசித்தபடியே அவள் கையில் கொடுப்பேன். அவள் இனி ஆட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சீடியில் அடித்துவிட்டேன் அத்தான். இரண்டு.

உங்கள் சொல்லைப் பிந்திக் கேட்ட,
உங்கள் மைத்துனன்