வறுத்த தனியா

சித்தூர்,
பிப்ரவரி 19.

அன்பு மகள் பிளெஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் எங்களை இந்த நாள்வரை தாங்கி வருகிறார், நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானா என்று கேட்டுத்தான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவேன், இந்த முறை நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்கிறேன். பன்னிரண்டு நாட்களாக நீ என் போனை எடுக்கவில்லை. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. போனில் பேசினால் அவசரத்தில் எதையாவது சொல்லிவிடுகிறேன், எழுதும்போதுதான் எனக்கு நிதானம் வருகிறது, அதனால் தபாலில் போடுகிறேன். உங்கள் தீவுக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள், காற்றடித்துக் கப்பல் நின்றுவிட்டால் இன்னும் கூட ஆகலாமாம். ஆகட்டும். வந்து சேரும் நாளில் வேலை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகப் படி.

நைனாவுக்கு முழங்கால் வலி இருந்துகொண்டுதான் இருக்கிறது, திருப்பதி பஸ் டிப்போவில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்கிறவருக்கு வேறென்ன இருக்கும், சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கால் நீட்டிப் படுத்துவிடுகிறார். பள்ளி நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் வேலை எனக்கு. அங்கே இருக்கும் பெரிய பூகோளப் படப் புத்தகத்தில் உன் ஷெட்லாண்டைத் தேடிக் கண்டுபிடித்தேன், ஸ்காட்லாந்துக்கும் மேலே கடலுக்கு நடுவில் நாலைந்து நொய்யரிசி சிந்தினதுபோல் இருக்கிறது. மரமே வளராத ஊர் என்று எங்கோ படித்தேன், நீ வாயால் சொன்னபோது நம்பாதவள் அச்சில் பார்த்ததும் நம்பினேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து உன் மாமியார் லோயிஸ் அம்மா பிச்சாட்டூரிலிருந்து வந்திருந்தார்கள், ஏரி நிறைந்திருக்கிறதாம், ஒரு பை வேர்க்கடலை கொடுத்தார்கள். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, போகும்போது மட்டும் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சபையில் மற்றவர்கள் பிளெஸ்ஸிக்கு விசேஷம் உண்டா என்று கேட்டால் இன்னும் இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன். யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை, என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஆறு நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை ஜெர்ரி எனக்குப் போன் செய்தார். நீ கொத்தமல்லி போட்டிருந்த தொட்டியைத் தூக்கி மண்ணோடு குப்பையில் கொட்டிவிட்டாய் என்றார். முதியோர் இல்லத்து வேலைக்கும் நாலு நாளாகப் போகவில்லை என்றார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன், அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "என் கைல எதுவும் நிக்காது, வுட்டுடுன்னு சொல்றாம்மா. அது செடியப் பத்தி சொன்ன மாதிரி இல்ல." இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. இரண்டிலும் தப்பு என்னுடையது. முதலாவது கொஞ்சம் சுலபம், அதை முன்னால் எழுதுகிறேன்.

ஜனவரியில் மறுபடியும் கப்பல் நின்று உங்கள் சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி அலமாரி துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது என்று நீ போட்டோ அனுப்பினாய் அல்லவா, அன்றைக்கு நான்தான் சொன்னேன், கடையில் இலை இல்லாவிட்டால் போகிறது, சமையலறை ஜன்னலில் ஒரு தொட்டி வை, நான் கட்டிக்கொடுத்த தனியா இருக்குமே, உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் முளைத்துவிடும் என்று. நானும் இங்கே போடுகிறேன், யாருடையது முந்துகிறது பார்க்கலாம் என்று விளையாட்டாகப் பந்தயமும் கட்டினேன். வெகு நாளைக்குப் பிறகு நீ அன்றைக்குத்தான் சிரித்தாய், அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் நினைவில்லை. நம் மாடியில் போட்டது ஒன்பதாம் நாள் முளைத்தது. பக்கத்து வீட்டுக் கல்பனா துணி காயப்போட வந்தவள், கொத்தமல்லிக்கு இத்தனை போட்டோவா, உன் பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு எடுக்கவில்லையே அக்கா என்று கிண்டல் செய்தாள். அத்தனையையும் உனக்கு அனுப்பினேன். நீ வெறும் மண்ணைப் படம் எடுத்து அனுப்பினாய். பதினைந்தாம் நாளும் மண், இருபத்தைந்தாம் நாளும் மண். குளிர் ஊர் அப்படித்தான், தண்ணீரைக் குறைத்து ஊற்று, ஹீட்டர் பக்கம் நகர்த்து என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நீ படம் அனுப்புவதை நிறுத்தினாய், அப்புறம் போன் எடுப்பதையும்.

ஜெர்ரி பேசிய மறுநாள் காய் வாங்க ரைத்து பஜாருக்குப் போனேன். பாலசமுத்திரத்திலிருந்து கீரைக் கூடையோடு வருகிற பொன்னியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கொசுறாக எப்போதும் இரண்டு இணுக்கு கொத்தமல்லி உன் கையில் திணிப்பாள். நான் மாடியில் போட்ட தனியாவும் அவளிடம் வாங்கியதுதான். மனது ஆறாமல் அவளிடம் கேட்டேன், என் பெண் போட்டது மட்டும் ஏன் வரவில்லை என்று. உடைத்துப் போட்டாளா என்றாள், உடைத்துத்தான் போட்டாள் என்றேன். தண்ணீர் தேங்கியதா என்றாள், இல்லை என்றேன். விதை ஏது என்றாள். நான் வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தது என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. பொன்னியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னாம்மா நீ, இத்தினி புஸ்தகம் படிச்சிக்கினு, வறுத்ததப் போட்டா மொளைக்குமா? ரசம் வேணா வெக்கலாம்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள், நான் கேட்காமலே ஒரு கட்டு கீரையைப் பையில் வைத்தாள்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் அது. வெளிநாட்டுக்குப் போகிற சாமான் புழு வண்டு வைக்காமல் இருக்க வேண்டும் என்று மிளகாய், மிளகு, தனியா எல்லாவற்றையும் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, டப்பாக்களில் அடைத்தேன், நீதான் மூடிக்கு டேப் ஒட்டினாய். அன்றைக்கே அந்த விதை செத்துவிட்டது பாப்பா. நீ தண்ணீர் ஊற்றியதிலோ உன் கையிலோ குறை எதுவும் இல்லை. உலகத்தில் யார் ஊற்றியிருந்தாலும் அது முளைத்திருக்காது. உயிரில்லாததை உன்னிடம் கொடுத்துவிட்டு, உயிருள்ளதை நான் போட்டு, அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவதை எழுதுவதற்கு மூன்று நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நவம்பரில் உங்களுக்கு ஒன்பது நாள் கப்பல் வரவில்லை. பாலும் காயும் முட்டையும் தீர்ந்துபோய், ஆளுக்கு இரண்டு ரொட்டிப் பாக்கெட் என்று கடையில் அளவு வைத்திருந்ததாகச் சொன்னாய். கர்ப்பம் அப்போது பதினோராம் வாரம் உனக்கு. அந்த ஒன்பது நாள் முடிந்த வாரத்தில்தான் நீ போன் செய்து "போயிடுச்சும்மா" என்றாய். நான் அழவில்லை, உன்னை அழவிடவும் இல்லை. "இத்தினி நாளா இன்னாத்த துன்னுக்கினு இருந்த நீ?" என்று கேட்டேன். ரொட்டிதான் இருந்தது என்று நீ சொன்னாய். "வெறும் ரொட்டியத் துன்னா எப்படி நிக்கும்?" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பயந்துபோனால் யார்மேலாவது குற்றத்தை வைத்துவிட்டால் மனது நிற்கும்போலிருக்கிறது, பக்கத்தில் நீதான் இருந்தாய், நீயும்கூட ஐயாயிரம் மைலுக்கு அப்பால். நைனா என் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணு, இப்ப எதனா துன்னியா என்று மட்டும் கேட்டார். ஒரே சாப்பாட்டைப் பற்றித்தான் இரண்டு பேரும் கேட்டோம். அவர் கேட்டதை நான் கேட்டிருக்க வேண்டும். ஜெர்ரி உன் பேச்சைத் திருப்பிச் சொன்னபோது, 'நிக்காது' என்பது உன் வார்த்தை இல்லை, நான் கொடுத்தது என்று தெரிந்துகொண்டேன். நீ அதை மூன்று மாதமாக வைத்திருக்கிறாய்.

நேற்று திருப்பதிக்குப் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம், நைனா அரை நாள் லீவு போட்டார். டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் வந்து பேஷண்ட் யாரும்மா, நீங்களா என்று கேட்டாள். என் வயதைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பாள், உனக்கும் எனக்கும் பத்தொன்பது வருஷம்தானே வித்தியாசம். என் பெண், அவள் இங்கே இல்லை என்றேன். அந்த டாக்டர் நல்ல மாதிரி, முழுவதையும் கேட்டார். பதினோரு வாரத்தில் போவது பெரும்பாலும் கரு உருவாகும்போதே இருக்கிற கோளாறால்தான், அம்மா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ நடப்பதில்லை, ஒன்பது நாள் கீரை இல்லாமல் இருந்ததால் எதுவும் ஆகிவிடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் உன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது, "உங்க பொண்ணுகிட்ட ரொட்டி துன்னதாலன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். யாரோ ஒரு சொந்தக்காரி என்று சொன்னேன். நைனா பக்கத்தில்தான் நின்றார், காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தச் சொந்தக்காரி நான்தான். டாக்டரிடம் சொல்ல வராததை உன்னிடம் சொல்கிறேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய், அறியாமல் சொன்னதானாலும் பொய். உன்னால் ஒன்றும் போகவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வருகிறது, ஆனால் அதையும் உன்மேல் ஒரு வேலையாகச் சுமத்த எனக்கு இஷ்டமில்லை. உனக்கு எப்போது வருகிறதோ அப்போது வரட்டும், வராமல் போனாலும் நான் உன் அம்மாதான்.

இந்தக் கவரில் விதை எதுவும் வைக்கவில்லை. அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். எதையும் முளைக்கவைத்து நீ எங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் கர்த்தர் உன் கர்ப்பத்தின் கனியை ஆசீர்வதிப்பாராக என்று எழுதிவந்தேன், அதையும் இந்த முறை எழுதவில்லை. கர்த்தர் உனக்குத் தூக்கத்தைக் கொடுப்பாராக, குளிரில் உன்னைக் காப்பாராக, மாப்பிள்ளைக்கும் பலம் தருவாராக. நீ ஒருத்தி இருப்பது எங்களுக்குப் போதும். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் கடையில் என்ன கிடைக்கிறதோ அதை வாங்கி வேளைக்குச் சாப்பிடு, மறக்காதே. ரொட்டிதான் இருக்கிறது என்றால் ரொட்டியையே வயிறு நிறையச் சாப்பிடு, பாப்பா.

உன் அம்மா,
தபிதா டைட்டஸ்